டொலறஸ் மாமி தேடிய ஐந்து குதிரைகள்

லண்டன் ஹரோவில் ரெய்னர்ஸ் லேன் நிலையத்தில் இறங்கிக் கடைத்தெருவால் கொஞ்சம் நடந்தால் ஒரு ட்ரை கிளீனிங் கடை வரும். அதன் கண்ணாடிக்குப் பின்னால், தையல் மெஷினில் குனிந்தபடி இருப்பவர் டொலறஸ் மாமி. என் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. ஹரோவில் இருக்கிற தமிழ் ஆண்களில் பாதிப் பேருடைய காற்சட்டை நீளம் அவருக்கு மனப்பாடம். கலியாண வீட்டில் யாராவது கிட்ட வந்து சுகம் விசாரித்தால் பெயர் நினைவுக்கு வராது. ஆனால் அவருடைய இடது கால் வலது காலைவிட அரை அங்குலம் கட்டை என்பது உடனே வந்துவிடும்.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்தது, 2009ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அவருடைய வீட்டில் நடந்த ஒரு விஷயத்தால். ஒரு பழைய வியட்நாமிய வாத்தியத்தைத் திருத்த அவர் பட்ட பாடு அது. அதை விளங்கிக்கொள்ள, மாமி எப்படி இங்கே வந்தார் என்பதும் கொஞ்சம் தெரிய வேண்டும்.

மாமி பிறந்தது யாழ்ப்பாணத்துக் குருநகரில். 1985இல் விமானத்தில் கிழக்கு பெர்லினுக்கு வந்து, அங்கிருந்து ரயிலில் மேற்குக்குக் கடந்தார். அப்போது நம்மவர்கள் பலர் வந்த வழி அதுதான். வுப்பர்ட்டால் என்ற ஊரில் அகதிகள் விடுதியில் ஓர் அறை கிடைத்தது. அந்த விடுதியை எங்கள் ஆட்கள் ஜெர்மன்காரர்களைப் போலவே 'ஹைம்' என்பார்கள். தேவராசா மாமாவை அவர் சந்தித்தது அங்கே. மகன் துஷாந்தன் பிறந்ததும் அங்கே இருக்கும்போதுதான். மாமி வேதம், அதாவது கத்தோலிக்கம், மாமா சைவம். இன்றைக்கும் அவர்களுடைய வீட்டில் ஒரே சுவர்த் தட்டில் அந்தோனியாரும் பிள்ளையாரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ஹைமில் ஒரு மாடிக்கு ஒரு சமையலறை. மாமியின் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பு ஹான் என்ற வியட்நாம் பெண்ணுடையது. ஹான் கிழக்கு ஜெர்மனியில் ஒரு தையல் ஆலைக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தவர். பெர்லின் சுவர் இடிந்த பிறகு ஆலையை மூடிவிட்டார்கள். மேற்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். சின்ன மகளை ஹனோயில் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு பேருக்கும் பொது மொழி ஜெர்மன். ஆளுக்குப் பாதிதான் தெரியும், அதுவும் வேறு வேறு பாதி. மணம் தாங்க முடியவில்லை என்று விடுதிப் பொறுப்பாளர் மேலே ஏறி வந்தால், மாமி ஹானின் மீன் சாற்றுப் போத்தலைக் காட்டுவார், ஹான் மாமியின் கருவாட்டைக் காட்டுவார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போன பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

ஹானிடம் ஒரு வாத்தியம் இருந்தது. நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த நீளம். கவிழ்த்த வள்ளம்போல் முதுகு வளைந்த ஒரு மரப்பெட்டி, மேலே பதினாறு கம்பிகள். 'டான் சான்' என்று பெயர். வலக்கை விரல்களில் உலோக நகம் மாட்டிக்கொண்டு ஹான் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பார். 1993இல் ஹானின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பொலிஸ் வருவதற்கு முன்னால் ஒரு காலையில் இரண்டு பைகளோடு வெளிக்கிட வேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. "இதை வைத்திரு, வருவேன்" என்று மாமியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

வரவில்லை. மாமி குடும்பத்துக்கு ஜெர்மனியில் இருக்க விசா கிடைத்து, வீடு மாறி, பிறகு இன்னொரு வீடு மாறி, 2004இல் துஷாந்தன் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கே வந்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் டான் சானைப் போர்வையில் சுற்றி வான் வண்டியில் ஏற்றினார்கள். ஹரோ வீட்டில் அது கூரைக்குக் கீழே இருக்கிற லொஃப்டுக்குப் போனது. போனது போனதுதான். ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

2009 எங்கள் வீடுகளில் எப்படிப்பட்ட வருடம் என்று சொல்லத் தேவையில்லை. ஏப்ரலில் மாமி கடை பூட்டியதும் மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலைப் பிடித்து, ஊரில் போரை நிறுத்தச் சொல்லிச் சனம் கூடியிருந்த பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போவார். தையல் கதிரையில் இருந்த முதுகோடு அங்கே தரையில் இருப்பார். மே மாதத்தோடு எல்லாம் முடிந்துபோனது. அவருடைய சின்னம்மாவின் மகள் குடும்பம் வவுனியா முகாமில் இருப்பதாக ஜூலையில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் பாட்டு இல்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ரேடியோவை ஒருவரும் போடவில்லை, அவ்வளவுதான்.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஜெர்மன். ஹான்.

தன் கதையை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாராம். கனக்க அலைந்து, பிறகு லைப்சிக்கில் விசா கிடைத்து, அங்கே சொந்தமாக ஒரு தையற்கடை. மகளையும் கூப்பிட்டுக்கொண்டார். இப்போது அந்த மகள் கலியாணம் முடித்து லண்டனில் டெப்ட்ஃபோர்டில் இருக்கிறாள், நவம்பரில் பிள்ளை பிறக்கப் போகிறது. மாமியின் நம்பரை வுப்பர்ட்டாலில் உள்ள தேவாலய அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறார். எப்படி இப்போது திடீரென்று என்று மாமி கேட்டதற்கு, அவர் சொன்ன பதிலை மாமி எங்கள் எல்லோருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறார்.

"ஏப்ரலில் செய்தியில் உன் ஆட்களைக் காட்டினார்கள். லண்டனில் தரையில் இருந்தார்கள். நான் ஒவ்வொரு நாளும் கிட்டப் போய் நின்று உன் முகத்தைத் தேடினேன்."

கடைசியில், போனை வைக்கப் போகும்போது, டான் சான் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். தங்கள் வழக்கப்படி பிள்ளைக்கு ஒரு மாதம் நிறையும்போது விருந்து வைப்பார்களாம். அன்றைக்கு அதை வாசிக்க ஆசையாம். மாமி ஒரு கணமும் யோசிக்காமல், பத்திரமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் மாமாவை லொஃப்டில் ஏற்றினார்.

கீழே இறக்கிப் போர்வையைப் பிரித்தார்கள். சுடுதண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஐந்து வருடம் கிடந்ததில் பலகை நீளத்துக்கு வெடித்திருந்தது. கம்பிகளை இறுக்குகிற முறுக்காணிகளில் இரண்டு முறிந்திருந்தன. பதினோரு கம்பிகள்தான் இருந்தன, அவையும் துருப்பிடித்து. ஒவ்வொரு கம்பியையும் தாங்கி நிற்கிற, கூரை வடிவில் இருக்கும் சின்ன மரத்துண்டுகள் கழன்று போர்வைக்குள் கிடந்தன. மாமி அவற்றை மேசையில் அடுக்கினார். பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்றுதான் இருந்தன. போர்வையை உதறினார். லொஃப்டை முழுக்கக் கூட்டினார். ஐந்தைக் காணவில்லை.

மாமா ஆறுதல் சொல்லப் பார்த்தார். பழைய சாமான், அவ விளங்கிக்கொள்ளுவா, ஏன் அந்தரப்படுகிறீர் என்றார். மாமி அந்தப் பதினொன்றையும் பழைய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"தொண்ணூற்றஞ்சில ஊரைவிட்டு வெளிக்கிடேக்க அம்மா தையல் மெஷினைப் பக்கத்து வீட்டில குடுத்திட்டுப் போனவ. பிறகு அந்த வீடும் இல்லை, அந்த ஆக்களும் இல்லை. எங்கட ஆக்களுக்கு ஒருத்தரும் ஒண்டையும் திருப்பித் தரேல்ல, தரவும் ஏலாது. நானாவது ஒருத்திக்கு ஒரு சாமானை முழுசாத் திருப்பிக் குடுக்கவேணும்."

மாமாவுக்கு வேலை பார்சல் வான் ஓட்டுவது. அடுத்த நாளே அந்த வானில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வாத்தியம் திருத்துகிற ஒருவரிடம் போனார். அவர் வயலின்காரர். பார்த்துவிட்டு, இது தனக்குப் பழக்கமில்லாத சாமான், வேண்டுமானால் விட்டுவிட்டுப் போங்கள், வசந்த காலத்தில் பார்க்கிறேன் என்றார். கிட்டார்க் கடையில் வாங்கிய கம்பிகள் ஒரு சாண் கட்டையாக இருந்தன. மாமி லீவு போட்டுவிட்டு ஹக்னியில் வியட்நாம்காரர்களின் கடைகளுக்குப் போனார். ஒரு பலசரக்குக் கடையில் நின்ற பெண், போனில் இருந்த படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தன் அண்ணன் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எல்லாம் வாங்கிவருவான் என்றாள். அண்ணன் போவது பெப்ரவரியில். மாமி இரண்டு கட்டு வல்லாரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

கடைசியில் வாமதேவன் அண்ணையிடம்தான் போக வேண்டியிருந்தது. அவருக்கு வேலை ரயில் நிலையத்தில், டிக்கெட் வாசலில் நிற்பது. சனிக்கிழமைகளில் ஹரோ தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் வீணைகளுக்குக் கம்பி போட்டுக் கொடுப்பார். ஞாயிறு காலை ஒரு பை நிறையச் சாமான்களோடு வந்தார். வரவேற்பறையில் வைத்திருந்த பெட்டியைப் பார்த்ததும் சப்பாத்துக் கழற்றுவதை நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, இது யாழ் எல்லோ."

மாமி, இது வியட்நாம் வாத்தியம் என்றார். வாமதேவன் அண்ணை கேட்கிறமாதிரி இல்லை. பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எங்கள் யாழ்தான் வணிகரோடு கடல் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்று தொடங்கி, அரை மணித்தியாலம் விளக்கினார்.

"யாழ்ப்பாணத்தில பிறந்து வளந்தும் நாங்கள் ஒருத்தரும் யாழைக் கண்ணால கண்டதில்லை. கடைசில ரெய்னர்ஸ் லேனில கிடக்கு."

"அப்ப ஏன் திருப்பிக் குடுக்கிறம்?" என்றார் மாமா. "பள்ளிக்கூடத்து விழாவில மேடையில வைப்பம். நீங்கள் பக்கத்தில நிண்டு பேசுங்கோ. சனம் ஓடீடும், நாங்கள் வேளைக்கு வீட்டை வரலாம்."

"வாயைப் பொத்துங்கோ ரெண்டு பேரும்," என்றார் மாமி. "அது ஹானின்ர."

பேச்சு அப்படி இருந்தாலும் வாமதேவன் அண்ணையின் கை நல்ல கை. வெடிப்புக்குள் பசை விட்டு இடுக்கிகளால் இறுக்கினார். முறிந்த முறுக்காணிகளுக்கு வயலின் முறுக்காணி இரண்டைச் சீவிப் பொருத்தினார். வீணைக் கம்பி நீளத்துக்குத் தாராளமாகப் போதும். அவருடைய பையில் பல கனத்தில் இருந்தது. கம்பியைத் தாங்கும் மரத்துண்டைத் தமிழில் குதிரை என்பார்கள் என்று சொன்னதும் அவர்தான். வீணையிலும் வயலினிலும் ஒரு குதிரைதான், இதில் பதினாறா என்று வியந்தார். சதுரங்கப் பெட்டிக்குள் நாலு குதிரை சும்மா நிற்கிறது, எடுத்து வைக்கட்டோ என்று மாமா கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சே குதிரைதான். குதிரை கிடைத்ததா, குதிரைக்கு மரம் வாங்கியாச்சா. ஒரு நாள் கடையில் மாமி போனில் இப்படிக் கதைத்ததைக் கேட்ட ஒருவர், மாமா பந்தயத்தில் இறங்கிவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

மரம் தொண்டு நிறுவனக் கடை ஒன்றில் கிடைத்தது. ஒரு பழைய கதிரையின் கால். அதில் வாமதேவன் அண்ணை ஐந்து குதிரைகளைச் செதுக்கினார். பழையவை கறுத்துப்போய் இருக்க, புதியவை பல்லுப்போல் வெளிறியிருந்தன. மாமி அவற்றை இறுகிய தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, காயவைத்து, திரும்பவும் ஊறவைத்தார். நிறம் மாறிய துணிக்கு ஒட்டுப்போடுவதில் அவரை யாரும் வெல்ல முடியாது. கடைசியில் தூரத்தில் நின்று பார்த்தால் எது பழசு எது புதுசு என்று தெரியவில்லை. கிட்ட வந்து பார்த்தால் தெரிந்தது. மாமி கிட்ட வந்து வந்து பார்த்தார்.

இனிக் குதிரைகளை நிறுத்த வேண்டும். அவை நிற்கவில்லை. கம்பியை முறுக்கும்போது ஒன்று நின்றால் இன்னொன்று விழுந்தது. வாமதேவன் அண்ணை குனிந்து பலகையைத் தடவினார். பழைய குதிரைகள் நின்ற இடங்களில் தேய்ந்த அடையாளம் இருந்தது.

"இது பேருக்குத்தான் குதிரை. வேலை மெட்டின்ர வேலை," என்றார். "வீணையில விரல் வைக்கிற மெட்டெல்லாம் மெழுகிலதானே நிக்கிறது. இதிலயும் மெழுகு இருந்திருக்கும், காலம் போக விட்டிருக்கும்."

மாமி கொஞ்சம் யோசித்தார். ஹான் வாசிக்கும்போது இவை அடிக்கடி விழுந்து, அவர் எடுத்து நிறுத்தியது ஞாபகம் இருந்தது. அப்போதே மெழுகு விட்டுப்போய்த்தான் இருந்திருக்கிறது, பாவம், அந்த ஊரில் திருத்திக் கொடுக்க ஆள் இல்லாமல் சிரமப்பட்டிருக்கிறார் என்று நினைத்தார். தன் தையல் பெட்டியிலிருந்து, நூலுக்குப் பூசுகிற தேன்மெழுகுக் கட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். வாமதேவன் அண்ணை அதை உருக்கி, வீணைக்குச் செய்வதுபோலவே கரி கலந்து, பதினாறு குதிரைகளுக்கும் காலடியில் வைத்து இறுக்கினார். அடுத்த நாள் பதினாறும் கல்லுப்போல் நின்றன.

அவர் ஒரு கம்பியைத் தட்டினார். மாமா எழும்பித் தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்தினார். மே மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் இசை அது. ஆனால் மாமியின் முகம் தெளியவில்லை. ஹைமில் கேட்ட சத்தம் வேறு மாதிரி என்றார். இது யாரோ கம்பளியைப் போர்த்துக்கொண்டு கதைப்பதுபோல் இருக்கிறது என்றார். புதுக் கம்பி பழக நாள் எடுக்கும் என்று வாமதேவன் அண்ணை சொன்னார்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை ஹான் வந்தார். டெப்ட்ஃபோர்டில் பேரன் பிறந்து மூன்று கிழமை. மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கட்டிப்பிடித்துக்கொண்ட பிறகு இரண்டு பேருக்கும் ஜெர்மன் வரவில்லை. ஹான் வியட்நாம் மொழியில் ஏதோ சொன்னார், மாமி தமிழில் ஏதோ சொன்னார். மாமா இடையில் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

வரவேற்பறையில் ஒரு பக்கம் வாத்தியம் வெள்ளைத் துணி விரித்த மேசையில் இருந்தது. மற்றப் பக்கம், யன்னலுக்குக் கீழே, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மாமி கட்டிய பாலன் குடில். வைக்கோல் கூரை, மாதா, சூசையப்பர், பொம்மை மாடு, முன்னால் பஞ்சு ஒட்டிய ஐந்து ஆடுகள்.

ஹான் வாத்தியத்தின் முன் இருந்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே அவருடைய விரல் நகங்கள். அவற்றை மட்டும் ஹைமைவிட்டு ஓடிய அன்று காலை கொண்டுபோயிருந்தார், இத்தனை வருடமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு கம்பிகளின் மேல் கையை இழுத்தார். தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு இடக்கையால் ஒரு குதிரையைத் தள்ளப் பார்த்தார். அது அசையவில்லை. இன்னொன்றைத் தள்ளினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே குனிந்தார்.

"டொலறஸ், இது என்ன?"

"மெழுகு," என்றார் மாமி. "விழாமல் இருக்க."

ஹான் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய தோள்கள் குலுங்கின. மாமி பயந்துபோய்க் கிட்ட ஓடினார். ஹான் அழவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வந்த பிறகு விளக்கினார். எங்கள் ஊரில் இவற்றுக்குப் பறவையின் பெயர், குளிர்காலத்தில் வரிசையாகப் பறந்துபோகுமே அந்தப் பறவை, என்றார். ஒவ்வொரு பாட்டுக்கும் இவற்றைக் கையால் முன்னும் பின்னும் நகர்த்தித்தான் சுருதி சேர்ப்பார்களாம். சும்மா நிற்க வேண்டும், கம்பியின் பாரத்தில் மட்டும் நிற்க வேண்டும். விழுந்தால் எடுத்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

"நீ பதினாறுக்கும் சப்பாத்துப் போட்டு நூலும் கட்டிவிட்டாய்."

மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. கன்னம் சிவந்துபோய் நின்றார். ஹான் பெட்டியை ஒரு தட்டுத் தட்டி, மெழுகுதானே, பசை இல்லையே, கொண்டுவா என்றார். எதைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. மாமி தலைமுடி காயவைக்கும் மெஷினையும், தையல் பிரிக்கும் கத்தி இரண்டையும் எடுத்துவந்தார். ஒருவர் சூடு காட்ட மற்றவர் சுரண்டினார். பிறகு மாறிக்கொண்டார்கள். ஆலையிலும் கடையிலும் ஆயிரம் தையல் பிரித்த கைகள். அவசரப்படாமல், பலகையில் ஒரு கீறல் விழாமல், ஒவ்வொரு காலாக விடுவித்தார்கள். ஜெர்மனும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. விடுதிப் பொறுப்பாளரின் மூக்கைப் பற்றிக் கதைத்தார்கள்.

பாதி வேலை நடந்தபோது ஹான் புதுக் குதிரை ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மாமி கத்தியைக் கீழே வைத்தார். மறைக்கப் பார்த்தது, தேயிலைச் சாயம், எல்லாவற்றையும் சொன்னார்.

"ஐந்தைத் தொலைத்துவிட்டேன், ஹான். எந்த வீட்டில், எப்போது என்று தெரியாது. நீ தந்ததை முழுசாகத் தர எனக்கு முடியவில்லை."

ஹான் அவரையே பார்த்தார். விளங்காதவர்போல் புருவத்தைச் சுருக்கினார். பிறகு எழும்பி, அறையின் மற்றப் பக்கம் போய், குடிலின் முன்னால் முழங்காலில் இருந்தார். அவர் கும்பிடுகிறார் என்று மாமா நினைத்தாராம். ஹான் ஓர் ஆட்டைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் பஞ்சு தேய்ந்து மரம் தெரிந்தது. நாலு கால் இல்லை, கூரைபோல் இரண்டு கால்.

"நீ தொலைக்கவில்லை," என்றார். "நான் கொடுத்தேன்."

அந்தக் கதை மாமிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. 1992 நத்தாருக்கு முந்திய கிழமை. மாமி பின்னேரத் துப்புரவு வேலைக்குப் போய்விட்டார். நாலு வயது துஷாந்தனை ஹான்தான் பார்த்துக்கொண்டார். பாலர் பள்ளிக் குடிலில் ஆடு இருக்கிறது, எங்கள் குடிலில் ஆடு இல்லை என்று அவன் விடாமல் அழுதான். ஹானின் வாத்தியத்தில் அப்போதே ஐந்து கம்பிகள் அறுந்துபோயிருந்தன. புதிது வாங்க வழியில்லை. வேலையில்லாமல் இருந்த ஐந்து பறவைகளை எடுத்து, இரண்டு பேருமாகக் காதுக்கு வைக்கிற பஞ்சை ஒட்டினார்கள். மாமி வீட்டுக்கு வந்தபோது குடிலில் ஆடு நின்றது. ஹான் மரத்தில் செய்து தந்தது என்றுதான் மாமி நினைத்துக்கொண்டிருந்தார். வீடு மாறும்போதெல்லாம் அந்த ஐந்தையும் தனியாகப் பழைய கால்மேசுக்குள் சுற்றி, குடில் பெட்டிக்குள் வைத்து, ஒன்றும் குறையாமல் ஜெர்மனியிலிருந்து லண்டன் வரை கொண்டுவந்தவர் அவர்தான்.

மாமி தரையில் இருந்துவிட்டார். பிறகு ஐந்தையும் பொறுக்கி ஹானின் மடியில் வைத்தார். ஹான் மறுத்தார். பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எங்கள் வழக்கம் இல்லை என்றார். எங்களுடைய வழக்கமும் இல்லை, ஆனால் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது என்றார் மாமி. இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். ஆடுகள் மடிக்கு மடி போய்வந்தன. கடைசியில் மாமாதான் வழி சொன்னார். ஓர் ஆடு பறவையாகப் போகட்டும், அதன் இடத்துக்கு வாமதேவன் அண்ணையின் குதிரை ஒன்று ஆடாக வரட்டும்.

அப்படியே செய்தார்கள். மாமி பஞ்சைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தார். உள்ளே மரம் கறுத்துப் பளபளவென்று இருந்தது. ஹான் அதைக் கம்பிக்குக் கீழே நிறுத்தினார். மாமி வாமதேவன் அண்ணையின் குதிரை ஒன்றுக்குப் புதுப் பஞ்சைத் தாராளமாக ஒட்டிக் குடிலில் வைத்தார். பழைய பறவைகள் பன்னிரண்டு, ஹரோ குதிரைகள் நாலு. பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தி, தட்டிக் கேட்டு, திரும்பவும் நகர்த்தி, நீண்ட நேரம் சுருதி சேர்த்தார்.

வாசிக்கத் தொடங்கியபோது சத்தத்தில் கம்பளி இல்லை. வலக்கை கம்பியைத் தட்டியது. இடக்கை மறுபக்கத்தில் அதே கம்பியை அழுத்தி, அந்த ஒலியைக் கொஞ்சம் நடுங்கவைத்தது. மாமா தட்டிலிருந்த அந்தோனியாருக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றார். மாமி யாருடையதோ ஒரு காற்சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். முடிந்த பிறகுதான் பார்த்தார்கள். அவருடைய ஊசியில் நூல் இல்லை.

பாட்டு முடியும் இடத்தில் ஹரோ குதிரை ஒன்று சரிந்து விழுந்தது. ஹான் அதை எடுத்து நிறுத்தினார்.

"மெழுகை விட்டிருக்கலாம்," என்றார் மாமா.

டெப்ட்ஃபோர்ட் விருந்துக்கு எல்லோரும் போனோம். வாமதேவன் அண்ணையும் வந்தார். மெழுகுக் கதையைக் கேட்டு முகம் சுருங்கினாலும், ஹான் கம்பியை அழுத்தி வாசித்ததைப் பார்த்ததும் திரும்பவும் உற்சாகமாகிவிட்டார். பார்த்தியளே, இது எங்கட கமகம்தான் என்று பக்கத்திலிருந்த வியட்நாம் கிழவர் ஒருவருக்குத் தமிழிலேயே விளக்கினார். கிழவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாமி பேரனை மடியில் வைத்துக்கொண்டு, அவனுடைய காற்சட்டை நீளத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

நத்தாருக்கு முதல் நாள் துஷாந்தன் லெஸ்டரிலிருந்து வந்தான். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். பையைக்கூட இறக்காமல் குடிலின் முன்னால் குனிந்தான். ஆடுகளை அவன் எப்போதும் பார்ப்பான்.

"அம்மா, இந்த ஆடு ஏன் கொழுத்திருக்கு?"

"அது லண்டன் ஆடு," என்றார் மாமி. "போய்க் கை கழுவிப்போட்டு வா, சாப்பிடுவம்."